அப்பாவின் மீன் படம்

கண்ணு,

போனில் எழுதினால் நீ பதில் போட வேண்டியிருக்கும். அதனால்தான் கிம்ச்சி ஊறுகாய் டப்பாவோடு இந்தக் கடிதத்தை வைக்கிறேன். டப்பா இந்த முறை சின்னது. ஒரு ஆளுக்கு இது போதும் என்று அம்மா சொன்னாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

போன வாரம் சாட் ஆப்பில் உன் பேருக்குப் பக்கத்தில் இருந்த கல்யாணப் படம் போய், அந்த இடம் வெறும் சாம்பல் நிறமாகிவிட்டது. நீ இருக்கும் சியோலில் எப்படியோ, இங்கே தோங்யோங்கில் அதைப் பார்த்தே ஊர் ஒரு கதை கட்டிவிடும். உன் அத்தை உடனே போன் போட்டாள்.

"என்னண்ணே, புள்ள கல்யாணப் படத்தைத் தூக்கிட்டாளே. ஏதாவது பிரச்சனையா?"

"ஆப்புல ஏதோ கோளாறு. இங்க எல்லாருக்கும் போயிடுச்சு."

போனை வைத்ததும் முதல் வேலையாக என் படத்தைத் தூக்கினேன். உன் கல்யாணத்துக்கு மறுநாள், வீடு வெறிச்சென்று இருக்கிறதே என்று கடலுக்குப் போய்ப் பிடித்தேனே, அந்தச் சங்கரா மீனோடு நிற்கும் படம். ஆப்பில் 'சங்கரா ராஜா' என்று பேர் வைத்துக்கொண்டதும் அதற்காகத்தான். அம்மா தன் செவ்வந்திப் பூ படத்தைத் தூக்கினாள். என் மீன்பிடிக் கூட்டாளிகளும் காரணம் கேட்காமல் தூக்கிவிட்டார்கள்.

இப்போது நாங்கள் எல்லாருமே சாம்பல். அத்தை தன் போன்தான் ரிப்பேர் என்று கடைக்குப் போயிருக்கிறாள்.

உனக்குத் தோன்றும்போது ஒரு படம் வை. பூவோ பூனையோ, எதுவானாலும் சரி. அன்றைக்கு நானும் மீனை வைக்கிறேன். அவசரமே இல்லை. எப்போதோ தின்று தீர்த்த மீன்தானே, காத்திருக்கும்.

இப்படிக்கு,
படமில்லாத அப்பா