அஞ்சலையின் வழக்கு முடிந்துவிட்டது, ரெஜினா

என் பிரியமான ரெஜிக்கு,

அஞ்சலையின் வழக்கு போன வாரம் முடிந்துவிட்டது. உடனே உன்னிடம் சொல்ல வேண்டும் என்று கை தானாகப் பைக்குள் போனைத் தேடியது. நீ போய் ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆகிறது. கைக்கு இன்னும் அது தெரியவில்லை.

நம் சங்கத்தின் ஆண்டு மலரில் உன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். 'தன்னலமற்ற சேவை' என்று ஆரம்பித்ததுமே நீ சிரிப்பது கேட்டது. அதனால் உனக்கே எழுதிவிடுகிறேன். மலரைப் புரட்டுகிறவர்கள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்ளட்டும்.

புதிதாக வந்த பிள்ளைகளுக்கு உன்னைத் தெரியாது. சமூகப் பணி படித்து முடித்துவிட்டுத் தொண்ணூறுகளில் நாம் இருவரும் இந்தச் சங்கத்தில் சேர்ந்தோம். ஊரப்பாக்கத்தில் மருந்துக் கடைக்கு மேலே ஓர் அறை. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், குடிநோய் மையம் என்று ஆளுக்கொரு வேலையில் இருந்த ஒரு கைப்பிடிப் பேர். சமூகப் பணியாளர் சங்கம் என்று சொன்னால், "ஆட்டோ ஸ்டாண்டு சங்கமா மேடம்?" என்று கேட்பார்கள்.

போலீஸ் பிடித்துவந்த பிள்ளைகளின் வீட்டைத் தேடிப் போவோம். அது எப்படிப்பட்ட வீடு, பிள்ளையைத் திருப்பி அனுப்பலாமா என்று பார்த்து எழுதிக் கொடுப்போம். நன்னடத்தை அலுவலர் ஒருவரே மாவட்டம் முழுக்க ஓட முடியாது என்பதால் அரசாங்கமும் நம்மைச் சேர்த்துக்கொண்டது. அப்போது பதினாறு முடிந்த பையன் சட்டத்துக்குப் பெரிய ஆள். மீசை அரும்பாத முகங்கள் பெரியவர்களின் சிறைக்குப் போவதைப் பார்த்துவிட்டுத்தான் செங்கல்பட்டிலிருந்து மின்சார ரயிலில் திரும்புவோம்.

பிறகு புதுச் சட்டம் வந்தது. பதினெட்டு வரை பிள்ளைதான் என்றது. மாஜிஸ்ட்ரேட்டோடு சமூகப் பணியாளர்கள் இருவர் சரிசமமாக உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டும், அதற்கு இளைஞர் நீதிக் குழுமம் என்று பெயர் என்றது. சங்கத்திடம் பெயர் கேட்டார்கள். உன் பெயரைக் கொடுத்தோம். முதல் அமர்வு முடிந்து வந்து நீ சொன்னாய்: "நாற்காலி ரொம்ப ஒசரம்டி சகு. கால் தரைல படவே இல்ல. ஆட்டாம இருக்கறதுக்கே பாதி கவனம் போச்சு." பொத்தேரி ஸ்டேஷன் எதிரே பரோட்டா சாப்பிட்டு அதைக் கொண்டாடினோம். அன்றைக்கு நமக்கு எவ்வளவு நம்பிக்கை இருந்தது, இல்லையா?

அஞ்சலை அதற்குச் சில வருஷம் கழித்து வந்தாள். திருக்கழுக்குன்றத்துக்கு உள்ளே ஒரு கிராமம். ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்திவிட்டுப் படூரில் ஒரு ஃப்ளாட்டில் வீட்டு வேலைக்குப் போனவள். அந்த வீட்டம்மாவின் சங்கிலி காணாமல் போனது. அஞ்சலையைத் தவிர வெளியாள் யாரும் வரவில்லை என்று புகார் கொடுத்தார்கள். சங்கிலி கிடைக்கவில்லை. கிடைக்காததே அவள் கெட்டிக்காரி என்பதற்கு அடையாளமாகிவிட்டது.

குழுமத்தில் அன்றைக்கே நீயும் மாஜிஸ்ட்ரேட்டும் அவளைத் தாயோடு ஜாமீனில் அனுப்பினீர்கள். வீட்டைப் பார்க்க நான் போனேன். தாய் கன்னியம்மா நாற்று நடும் வேலைக்குப் போகிறவள். புருஷன் விட்டுப் போய்விட்டான். "எம் பொண்ணு ஆயிரம் பேசும்மா. ஆனா அடுத்தவங்க பொருள தொடாது. எய்திக்கோ," என்றாள். எழுதினேன். அஞ்சலை மறுபடி பள்ளிக்கூடம் போக ஆசைப்படுகிறாள் என்றும் எழுதினேன். அந்த வீட்டம்மா விசாரணைக்கு இரண்டு தடவை வரவில்லை. "இதுல ஒண்ணுமே நிக்காது. அடுத்த அமர்வுல முடிச்சிடுவோம்," என்றாய் நீ. அதற்குள் உனக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் படுத்தவள் எழுந்திருக்கவில்லை.

உன்னோடு இருந்த இன்னோர் உறுப்பினர் அதற்கு முன்பே மகனோடு இருக்கக் கோயம்புத்தூர் போய்விட்டார். அந்த இடத்துக்கே ஆள் போடாமல் இருந்தார்கள். நீயும் போனதும் மாஜிஸ்ட்ரேட் மட்டும்தான் மிச்சம். தள்ளி வைக்க ஒருவர் போதும். முடித்து வைக்க அவரோடு இன்னொருவராவது வேண்டும். ஒரு பிள்ளையின் வழக்கையும் முடிக்க முடியவில்லை, ரெஜி. எல்லாம் வாய்தா.

நாங்கள் சும்மா இருக்கவில்லை. உன் அடக்கம் முடிந்த கையோடு சங்கம் புதுப் பெயர்களை அனுப்பியது. என் பெயரும் அதில் இருந்தது. சென்னைக்கு அலைந்தோம். ஒருமுறை அதிகாரி மாறிவிட்டார் என்றார்கள். இன்னொரு முறை தேர்தல் முடியட்டும் என்றார்கள். பெயர்களைப் பரிசீலிக்க ஒரு குழு வேண்டும், அந்தக் குழுவை இன்னும் போடவில்லை என்றும் சொன்னார்கள். யாரும் கோபப்படவில்லை. ஃபேன் போட்டு, உட்கார வைத்து, டீ கொடுத்துத்தான் திருப்பி அனுப்பினார்கள்.

சங்கமும் தளர்ந்துவிட்டது. ஒரு கூட்டத்துக்கு நாலைந்து பேர்தான் வந்தோம். நம் தலைவர் சொன்னார்: "அரசாங்கத்துக்கே அவசரம் இல்ல. நாம ஏன் சகுந்தலா மூச்சு வாங்க ஓடணும்?" அவர் கெட்டவர் இல்லை என்று உனக்குத் தெரியும். இருபது வருஷம் ஓடியவர். நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

ஒவ்வொரு வாய்தாவுக்கும் கன்னியம்மா மகளைக் கூட்டிக்கொண்டு வருவாள். பஸ் மாறி வந்து, மத்தியானம் வரை நின்றுவிட்டு, வேறு தேதி வாங்கிக்கொண்டு போவாள். கிராமத்தில் எல்லோருக்கும் தெரிந்துபோனது. அஞ்சலை பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போனாள், ரெஜி. நான்தான் பேசிச் சேர்த்தேன். ஒரு பெண்ணின் பேனா காணாமல் போனதும் எல்லோரும் இவள் பையைத் திறந்து பார்த்தார்கள். மறுநாளிலிருந்து அவள் போகவில்லை.

ஒரு வாய்தாவுக்குத் தாய் மட்டும் வந்தாள். பெண்ணுக்கு உடம்பு சரியில்லை என்றாள். அடுத்ததற்கும் அப்படியே. பிறகுதான் விஷயம் தெரிந்தது. மதுராந்தகம் பக்கம் லாரி ஓட்டும் ஒருவனுக்குக் கட்டிக் கொடுத்துவிட்டாள். அவனுக்கு முப்பது இருக்கும். அஞ்சலைக்குப் பதினாறு.

"ஏம்மா இப்படிப் பண்ணீங்க?" என்று கேட்டேன்.

"இன்னா பண்ணச் சொல்ற? கேசு இன்னிக்கு முடியும், நாளிக்கி முடியும்னு நீதான் சொல்லிகினே இருந்த. ஊரு ஃபுல்லா திருடின்னுது. இவன் ஒருத்தன்தான் ஒண்ணும் கேக்காம கட்டிக்கறேன்னான்."

"சட்டப்படி தப்பும்மா."

"அப்ப இன்னொரு கேசு போடு. அதுக்கும் வந்து நிக்கறேன்."

நன்னடத்தை அலுவலரோடு பேசினேன். பெண் மாசமாக இருக்கிறாள், புகார் கொடுத்தால் மறுபடி அவளைத்தான் அரசாங்க இல்லத்தில் கொண்டுபோய் வைப்பார்கள் என்றார். நான் புகார் எழுதாமல் திரும்பினேன்.

அப்புறம் ஒரு நாள் உத்தரவு வந்தது. நானும் காஞ்சிபுரத்திலிருந்து ஒரு ஆசிரியரும் உறுப்பினர்கள். உன் அருள் வந்து கைகுலுக்கினான். பொத்தேரி காலேஜில் கடைசி வருஷம் படிக்கிறான், ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு எங்கள் வீட்டில்தான். "அம்மா இடத்துக்கே போறீங்க பெரியம்மா," என்றான். அவன் முகத்துக்காகச் சிரித்தேன்.

முதல் அமர்வில் முதல் வழக்கே அஞ்சலையுடையது. அவள் வீட்டைப் பார்த்து எழுதியவளே முடிவும் சொல்லக் கூடாது இல்லையா? எழுந்து வெளியே வந்து தாழ்வாரத்தில் கன்னியம்மாவோடு நின்றேன். உள்ளே அதிக நேரம் ஆகவில்லை. புகார் கொடுத்த அம்மா எப்போதோ வெளிநாடு போய்விட்டாள். சாட்சி இல்லை, பொருள் இல்லை. வழக்கை முடித்துவிட்டதாக எழுத்தர் உத்தரவைக் கொண்டுவந்து காட்டினார். உன் அடுத்த அமர்விலேயே நடந்திருக்க வேண்டியது.

அஞ்சலை இடுப்பில் குழந்தையோடு வெளியே வந்தாள். கன்னத்து எலும்பு தெரிந்தது.

"முட்ச்சிட்டாங்களா?" என்றாள் கன்னியம்மா.

"முடிஞ்சிடுச்சும்மா. இனிமே வர வேணாம்," என்றேன்.

"இத்த அப்பவே சொல்றதுக்கு இன்னா கேடு?" என்று யாரையும் பார்க்காமல் கேட்டுவிட்டு அவள் செருப்பைத் தேடப் போனாள்.

அஞ்சலை என்னையே பார்த்தாள். "மேடம், நா எடுக்கலன்னு சொன்னாங்களா, இல்ல எடுத்தது தெர்லன்னு சொன்னாங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அது வாயில் வரவில்லை. "தெரியலன்னுதான்மா," என்றேன்.

தலையாட்டினாள். குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "எனக்குத் தெரியும், நா எடுக்கல," என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் செய்ய ஏதாவது இருந்திருக்கும்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது, வீட்டில் சின்னவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். அஞ்சலையின் தங்கை, பெயர் கோகிலா. நான் முதலில் அந்த வீட்டுக்குப் போனபோது ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தாள். "அதுவா? படூர்ல வுட்டுக்கீறேன்," என்றாள் கன்னியம்மா. "வேற ஃப்ளாட்டு. நல்ல மனுசங்கதான். இவ கண்ணாலக் கடன அடைக்கணும்ல?" பஸ் வந்தது. ஏறிவிட்டார்கள்.

ரெஜி, நம் வேலை இவ்வளவுதானா? இன்னும் அத்தனை வழக்குகள் அந்த அறையில் காத்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு அஞ்சலை வளர்ந்துகொண்டிருக்கிறாள். நம்பிக்கை இருக்கிறதா என்று நீ கேட்டால், இல்லை. உன்னிடம் வேஷம் போட முடியாது.

இந்த ஞாயிற்றுக்கிழமை படூருக்குப் போகிறேன். அருள் வண்டியில் கூட்டிப் போகிறேன் என்கிறான். அந்த வீட்டில் கதவைத் திறப்பார்களா, திறந்தாலும் கோகிலாவை அனுப்புவார்களா, அனுப்பினாலும் கன்னியம்மா அவளைப் பள்ளிக்கூடத்துக்கு விடுவாளா, எதுவும் தெரியாது. திறக்காவிட்டால் அடுத்த ஞாயிறும் போவேன். அதற்கு அடுத்ததும். பலன் கிடைக்கும் என்று சொல்ல என்னால் முடியாது. போவேன் என்பதை மட்டும் உனக்குச் சத்தியம் செய்து தருகிறேன்.

உன் அருளுக்குப் பெரியம்மா,
சகுந்தலா