ஓரம் சுத்தமாக இருந்தது

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கப்பலில் உங்களுக்குப் போன் கிடைக்கவில்லை, அதனால் எழுதுகிறேன். ஆபரேஷன் முடிந்தது. உங்கள் மனைவி நலம்.

மாமனார் மாப்பிள்ளையிடம் பேசத் தயங்கும் விஷயம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். கருப்பையில் இருந்தது அரிய வகைக் கட்டி. அதை மட்டும் எடுத்து, ஓரத்துத் திசுவை உடனே லேபுக்கு அனுப்பினார்கள். அதிலும் நோய் இருந்தால் கருப்பையையே எடுத்துவிடச் சம்மதித்துத்தான் உள்ளே போனாள். பதில் வரும்வரை டாக்டர்கள் எல்லோரும் கையுறைக் கைகளை மார்போடு கோத்து, எதையும் தொடாமல் நின்றார்களாம்.

“ஓரம் சுத்தமா இருக்கு சார். கருப்பையைத் தைச்சு அப்படியே விட்டுட்டோம். ஸ்கேனுக்கு மட்டும் தவறாம வரணும்,” என்றார் டாக்டரம்மா.

சுவரில் இறங்கிய ஆணியைப் பூச்சு உதிராமல் பிடுங்கிப் பாருங்கள், எவ்வளவு கஷ்டம்! இங்கே அந்தச் சுவருக்கு உயிரும் இருக்கிறது. மனிதக் கை இதையெல்லாம் செய்யுமா என்று மலைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன்.

கண் விழித்ததும், “இருக்காப்பா?” என்று கேட்டாள். பக்கத்து வகுப்புக்கும் கேட்கப் பாடம் நடத்திய நான், கண்ணைத் துடைத்துக்கொண்டே தலையை மட்டும் ஆட்டினேன்.

“பாஸானது நான். நீங்க எதுக்குப்பா அழறீங்க?” என்றாள்.

இன்னும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும்,
உங்கள் மாமனார்