வக்கீல் வேண்டாம் என்ற உன் அப்பா விடுதலையானார்

அன்புள்ள பெரியவளுக்கு, அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் நலம். ஒன்பது மாதமாக இதைப் போனில் ஒப்புக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன், இன்றுதான் நெஞ்சாரச் சொல்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே, உன் இருமல் நின்றதா. உட்கார்ந்துகொண்டு படி. உன் அப்பா மேல் ஓர் உயிர் போன வழக்கு இருந்தது, நேற்றுப் பகல் பன்னிரண்டு மணிக்கு நீதிபதி அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்துவிட்டார். உன் பரீட்சை கெட்டுவிடும் என்று மறைத்தோம். திட்டுவதானால் என்னைத் திட்டு, அவர் பட்டது போதும்.

அவர் பழுது பார்க்கும் ஆறு மாடிக் கட்டடத்தில் லிஃப்டின் பிரேக் தேய்ந்திருந்தது. மெயின் சுவிட்சை அணைத்து, அதில் தன் பூட்டைப் போட்டு, ஓட்டக் கூடாது என்று அட்டையும் மாட்டிவிட்டுப் புது பிரேக் வாங்கப் போனார். திரும்புவதற்குள் லிஃப்ட் விழுந்து, நாலாம் மாடித் தையற்காரர் இறந்துபோனார். போலீஸ் கூப்பிட்டதும் இந்த மனுஷர் தனியாகப் போய், பிரேக் தேய்ந்தது எனக்குத் தெரியும் என்று உள்ளதைச் சொன்னார். தாளில் அந்த ஒரு வரிதான் ஏறியது, பூட்டைப் பற்றி ஓர் எழுத்து இல்லை. கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டுப் போனவர் படிக்காமலே கையெழுத்தும் போட்டார்.

வக்கீல் வைக்கலாம் என்றேன். "தப்புப் பண்ணாதவனுக்கு எதுக்கு வக்கீலு, எனக்கு வாய் இல்லையா" என்றார். வாய் இருந்ததுதான் வினை. கோர்ட்டில் கட்டட மேனேஜரைத் தானே கேள்வி கேட்டார். வேறு யாரும் அதைத் தொட்டிருக்கக் கூடாது என்று காட்டுவதாக நினைத்து, "லிஃப்ட் என் பொறுப்புலதானே இருந்துச்சு?" என்று கேட்டுவைத்தார். "ஆமா, முழுக்க உங்க பொறுப்புதான்" என்றார் மேனேஜர். அரசு வக்கீல் எழுந்திருக்கவே இல்லை, சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டார். நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். "ஏழு வருஷம் உள்ள போக வேண்டியிருக்கும், புரியுதா? வக்கீல் வைக்க முடியலைன்னா நாங்களே தர்றோம்" என்றார். உன் அப்பா யோசித்துச் சொல்கிறேன் என்றார். நான் யோசிக்கவில்லை. மாடிப்படிக்கு அடியில் இருந்த இலவச சட்ட உதவி அறைக்குப் போய், மனுவை எழுதி வாங்கி வந்து அவர் முன்னால் நீட்டினேன். என் முகத்தைப் பார்த்தவர் உடனே கையெழுத்துப் போட்டார்.

வந்தவர் ஒரு பெண் வக்கீல். பழைய காகிதக் கட்டைத் தொட்டாலே தும்முவார், அதனால் எங்களுக்கு அவர் தும்மல் வக்கீல். கதையெல்லாம் கேட்டுவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "அந்தப் பூட்டு இப்ப எங்க?" அதுவரை ஒருவரும் அதைக் கேட்கவில்லை, உன் அப்பாவுக்கும் கேட்கச் சொல்லத் தெரியவில்லை. மனுப் போட்டு, போலீஸ் எடுத்து வைத்திருந்த மூட்டையைக் கோர்ட்டிலேயே பிரிக்க வைத்தார். பட்டியலில் இரும்புத் துண்டு என்று எழுதியிருந்தது, பார்த்தால் வளையம் அறுபட்ட பூட்டு. அப்பாவின் சாவியை வாங்கி நீதிபதி பார்க்கத் திருப்பினார். பூட்டு திறந்த சத்தம் கடைசி பெஞ்சில் இருந்த எனக்குக் கேட்டது. அடுத்து அந்தக் கட்டடத்து வாட்ச்மேன் கூண்டில் ஏறினார். "மேனேஜர் அறுக்கச் சொன்னாரு, அறுத்து சுவிட்சைப் போட்டேன். இத்தனை நாளா என்னை யாரும் கேக்கலையே" என்றார்.

தீர்ப்பு முடிந்து வெளியே வந்தால் தையற்காரரின் மனைவி எதிரே நிற்கிறார். "இத்தனை மாசம் உங்களைத்தான் சபிச்சேன் அண்ணே. யாரைக் கேக்கணும்னு இப்பத்தான் தெரிஞ்சுது" என்றார். தீர்ப்புக்கு அழாத உன் அப்பா அங்கே நின்று அழுதார்.

இனி மேனேஜர் மேல் வழக்கு, உன் அப்பா அதில் சாட்சி. "சாட்சி சொல்றதுக்கும் வக்கீலம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாமா" என்று காலையிலிருந்து மூன்று முறை கேட்டுவிட்டார். நீயும் கேட்டுக்கொள், கண்ணு. அந்நிய ஊரில் யார் எதற்குக் கூப்பிட்டு விசாரித்தாலும், நமக்கென்று ஒரு வக்கீல் பக்கத்தில் வந்து உட்காரும் வரை பேரைத் தவிர எதுவும் சொல்லாதே. நியாயம் நம் பக்கம் இருந்தால் மட்டும் போதாது, அதை எடுத்துச் சொல்லத் தெரிந்த ஆளும் பக்கத்தில் வேண்டும். ஒரு குறையும் இல்லாமல் நீங்கள் இருவரும் நன்றாக இருங்கள். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் செய், அப்பா தன் வாயால் சொல்லக் காத்திருக்கிறார், முதல்முறை கேட்பது போலக் கேள்.

தலை நிமிர்ந்து கடைத்தெருவுக்குப் போய் வந்த
உன் அம்மா