இருவரும் சம்மதித்தால் மட்டும் சண்டை

ஏங்க,
முட்டை அவித்து வைத்திருக்கிறேன். பத்து மணிக்குக் குழாய் ரிப்பேர்க்காரர் வருவார், தூங்கிவிடாதீர்கள்.

நேற்று நாம் சேர்ந்து விளையாட, ஆன்லைன் கேமில் ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் தாக்க முடியாத, சண்டையில்லாத சர்வர் வேண்டும் என்று நான் கேட்டதற்கு, "சரியான பயந்தாங்கொள்ளி நீ!" என்று சிரித்தீர்கள். பயமில்லை. நாள் முழுக்கப் புகார் கவுண்டரில் ஆளாளுக்கு என்மேல் பாய்கிறார்கள். வீட்டுக்கு வந்தபிறகு கேமிலும் எவனோ முதுகில் வெட்டினால் தாங்காதுங்க.

உங்களுக்கோ சண்டையில்லாவிட்டால் சப்பென்று இருக்கும். அதனால் இருவரும் சம்மதித்தால் மட்டுமே மோத முடிகிற சர்வராகத் தேடிப்பிடித்து, நம் இருவரையும் சேர்த்துவிட்டேன். நீங்கள் வாள்வீரர், நான் வைத்தியச்சி.

பி.கு.: சாவியை எடுத்துப் போகிறேன். ஏழு மணிக்கு வந்ததும் முதல் சண்டைக்கு நானேதான் உங்களைக் கூப்பிடுவேன். மறுக்காமல் 'சம்மதம்' பட்டனை அமுக்குங்கள்.