நான் வடிகட்டித் தந்த பாலீஷ்

இன்று காலை எங்கள் ஆஸ்பத்திரியில் கதவுகளுக்குப் பாலீஷ் போட இரண்டு பேர் வந்தார்கள். டப்பாவின் மூடியைத் திறந்ததுதான் தாமதம், அந்த நெடி மூக்கில் ஏறியது. கையிலிருந்த வாளியைப் போட்டுவிட்டுக் கொல்லைப்புறம் ஓடி வாந்தி எடுத்தேன். கூட வேலை செய்யும் ஆயாக்கள் வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துச் சோடா வாங்கிக் கொடுத்தார்கள். மற்றப் பெண்களுக்குப் புருஷன் ஞாபகம் பூ வாசனையில் வருமாம். எனக்கு நீ வருவது இந்த நெடியில்தான்.

உயிரோடு இருந்தவரை உன்னை 'வாங்க, போங்க' என்றேன். சாக்கடை ஓரம் விழுந்து கிடந்த உன்னைத் தூக்க வந்தபோதுகூட 'எழுந்திருங்க' என்றுதான் சொன்னேன். அந்த மரியாதையை இனிமேல் என்னால் எழுத முடியாது.

முதலில் நீ குடித்தது கள். மதுவிலக்கு வந்து கல்மண்டபத்துக் கள்ளுக்கடையை மூடிய அன்று நம் தெருப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து தேங்காய் உடைத்தோம். பத்து நாள் நீ கை நடுங்க மூலையில் உட்கார்ந்திருந்தாய். நானும் ஒழிந்தது சனியன் என்று இருந்தேன். பதினோராம் நாள், கப்பல் அறைகளுக்கு மரச்சாமான் செய்யும் உன் பட்டறையிலிருந்து ஒரு சீசா நிறையப் பாலீஷ் கொண்டுவந்தாய். நாற்காலிக்குப் பூசுவதை மனிதன் குடிப்பான் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

"அப்டியே குட்சா கண்ணு பூடும்டி. தண்ணி ஊத்தி, உப்பு போட்டு வடிகட்டணும். பட்டறையில அல்லாரும் அப்டித்தான் பண்றாங்கோ" என்றாய். உன் கை நடுக்கத்தில் பாதி தரையில் சிந்தியது. மீதியை அரைகுறையாக வடிகட்டிக் குடித்தாய். உன் கண் போனால் காலம் முழுக்கக் கையைப் பிடித்துக் கூட்டிப் போக வேண்டியவள் நான்தானே. மறுநாள் சீசாவை நானே வாங்கிக்கொண்டேன்.

கல் உப்பை அள்ளிப் போட்டுக் கலக்கினால் பாலீஷில் கரைந்திருக்கும் அரக்கு திரண்டு கோழை மாதிரி மிதக்கும். பழைய வேட்டித் துணியை மூன்றாக மடித்து வடிப்பேன். இன்னொரு முறையும் வடிப்பேன். கடைசியில் கழுநீர் நிறத்தில் ஒரு தம்ளர் தேறும். நீ அதை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "உன் கையால வடிகட்டுனாத்தான் சுத்தமா கீது" என்பாய். நான் வைத்த குழம்பை ஒரு நாளாவது நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருப்பாயா? உன் வாய் நெடியும், நகக்கண்ணில் அப்பிக் கிடந்த அரக்கும், விடிந்ததும் நான் அலசிப் போட்ட உன் பாயும் எனக்கு எவ்வளவு அருவருப்பு தெரியுமா? ஆனாலும் வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தப் பாராட்டு எனக்குப் பிடித்திருந்தது.

நம் தெருவில் இன்னும் நாலு வீட்டில் இதே கூத்து. அந்தப் பெண்கள் என்னிடம் வந்து கேட்டார்கள். எவ்வளவு உப்பு, எத்தனை மடிப்பு என்று வடாம் பக்குவம் சொல்வதுபோலச் சொல்லிக் கொடுத்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் நீ வந்து சோற்றுப் பானையைத் திறந்து, அதற்குள்ளேயே வாந்தி எடுத்தாய். வாயைத் துடைத்துக்கொண்டு அடுத்த சீசாவை என்னிடம் நீட்டினாய். வடிதுணியைத் தூக்கி அடுப்பில் போட்டேன். "நீங்களே வடிகட்டிக்குங்க. இனிமே நான் தொட மாட்டேன்" என்றேன். நீயே ஏதோ செய்து குடித்தாய். மறுநாள் பட்டப்பகலில், வாசலில் வெயில் கொளுத்தும்போது, "இன்னாடி, வெளக்கு ஏத்தாம இருட்டுல குந்திகினு கீறே?" என்று கேட்டாய். அதற்கு அடுத்த நாள் நீ இல்லை.

சாவு வீட்டில் ஒருத்தி சொன்னாள்: "எப்பவும் மாரி நீ வடிகட்டிக் குட்த்திருந்தா பொயச்சிருப்பாரு." மற்றவர்களும் ஆமோதித்தார்கள். நானும் நம்பினேன். ஆஸ்பத்திரியில் ஆயாவாகச் சேர்ந்து ஊரார் மலமும் சலமும் அள்ளிய இத்தனை காலமும் நம்பினேன். உன்னைத் திட்ட வாயெடுத்தால், கொன்றவளுக்கு என்ன பேச்சு என்று என் வாயை நானே அடைத்துக்கொள்வேன்.

போன மாதம், பாலீஷ் குடித்துக் கண் தெரியாமல் போன ஒருவனைக் கொண்டுவந்தார்கள். "உப்பு போட்டுத்தான் சார் வடிகட்டிக் குட்த்தேன்" என்று அவன் பெண்சாதி அழுதாள். டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "உப்பு அரக்கைத்தாம்மா பிரிக்கும். விஷம் பாலீஷ்ல கலக்குற ஸ்பிரிட்டுல இருக்கு. அது தண்ணியோட அப்படியே நிக்கும். ஆயிரம் தடவை வடிகட்டினாலும் போகாது. ஒரு சீசாவுல கம்மியா இருக்கும், இன்னொண்ணுல ஆளைக் கொல்ற அளவுக்கு இருக்கும்" என்றார்.

நான் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முதலில் எனக்கு வந்தது நிம்மதிதான். நீ செத்தது நான் மறுத்ததால் இல்லை. அப்புறம்தான் உறைத்தது. நான் வடித்து நீட்டிய ஒவ்வொரு தம்ளரிலும் அதே விஷம் இருந்திருக்கிறது. கண்ணைக் காப்பாற்றுவதாக நினைத்து மூன்று வருஷம் என் கையாலேயே கொடுத்திருக்கிறேன், நீயும் சுத்தமாக இருக்கிறது என்று மெச்சிக் குடித்திருக்கிறாய். உன்னை மட்டும் வெறுத்துக்கொண்டிருந்த நாட்களில் எனக்கு இவ்வளவு குமட்டவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையே, நீ போனபின் நான் விட்டு வந்த நம் தெருவுக்கு, அந்த நாலு வீட்டையும் தேடிக் கிளம்பினேன். ஒரு குடும்பம் எண்ணூர்ப் பக்கம் போய்விட்டதாம். இன்னொருத்தியின் புருஷன் போன வருஷமே செத்துப் போயிருந்தான். அவளிடம் விஷயத்தைச் சொல்லாமலே, அவள் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். மூன்றாவது வீட்டில், "உன் புருசன் பூட்டான்னு எங்க வூட்டு மேல கண்ணு வைக்காத" என்று கதவைச் சாத்தினாள்.

கடைசியாகத் தனம். அவள் புருஷன் காசிமேட்டில் படகு கட்டும் தச்சன். அடுப்படியில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள், நான் சொல்லிக் கொடுத்த அதே மூன்று மடிப்பு. டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். அவள் சண்டை போடவில்லை, அழவும் இல்லை. துணியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"உப்பு வோணாம்னா, அப்போ வேற இன்னாக்கா போடணும்?"

"எதைப் போட்டாலும் போவாதுடி" என்றேன்.

"நல்லா ரோசன பண்ணிச் சொல்லுக்கா. நான் நாளிக்கு வூட்டாண்ட வரேன்."

மறுநாள் வந்தாள். அதற்கப்புறமும் வந்துகொண்டேதான் இருக்கிறாள், நேற்றுக்கூட வந்தாள். ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவளுக்குத் தெரியாமலா இருக்கும் என்று என் வாசலிலேயே உட்கார்ந்துவிடுகிறாள். அப்படி ஒன்றும் கிடையாது என்று நான் சத்தியம் பண்ணினாலும், ஏதோ பக்குவத்தைத் தெரிந்து வைத்துக்கொண்டு அவளிடம் மட்டும் மறைக்கிறேன் என்றே நினைக்கிறாள்.