வசந்தா, அது இரண்டே பொத்தான்தானா?

என் செல்ல வசந்தாவுக்கு,

முதலில் நல்ல செய்தி. மெஷின் ஓடுகிறது. ஓட்டியது நான். பத்தாம் வகுப்புக்கு அல்ஜீப்ரா நடத்துகிற உன் அண்ணியை, துணி துவைக்கிற மெஷின் ஒன்று மூன்று நாள் முட்டாளாக்கியது. நான்காம் நாள் ஜெயித்துவிட்டேன். எப்படி என்று சொன்னால் நீ முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாய். சிரித்து முடி. அதன் பிறகு உன்னோடு கொஞ்சம் சண்டை போட வேண்டியிருக்கிறது.

அது வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? தொண்ணூற்றெட்டு. வேங்கிக்காலுக்குக் குடிவந்த இரண்டாம் வருஷம். உன் அண்ணன் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு டெம்போவில் கொண்டுவந்து இறக்கினார். எட்டுப் பொத்தான், எழுத்தெல்லாம் இங்கிலீஷ். அதுவரை பின்பக்கத்துக் கல்லில் நம் எல்லோர் துணியையும் துவைத்தது நீதான். புருஷன் போன பிறகு ஒரு டிரங்குப் பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவள், மறுநாளே யாரும் சொல்லாமல் அந்த வேலையை எடுத்துக்கொண்டாய். மெஷினைப் பார்த்த சந்தோஷத்தில் நான் எல்லோர் முன்னாலும் சொன்னேன்: "இனிமே நம்ம வசந்தாவுக்கு இங்க என்ன வேல? எல்லாத்தயும் மெஷினே பாத்துக்கும்." எல்லோரும் சிரித்தோம். நீயும் சிரித்த மாதிரிதான் எனக்குத் தெரிந்தது.

மெக்கானிக் வந்து சொல்லிக்கொடுத்தபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். கற்றுக்கொண்டவள் நீ மட்டும். ஒரே வாரத்தில் அதற்கு அதிகாரி ஆகிவிட்டாய். நான் கிட்டே வந்தால், "அண்ணி, அதும்பக்கம் வராதீங்க. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிடும்" என்பாய். காது வைத்துக் கேட்பாய், மூடியைத் தட்டுவாய், குழாயைக் கொஞ்சம் திறப்பாய், கொஞ்சம் மூடுவாய். பத்து நிமிஷம் நடக்கும் அந்த ஆராதனை. ஐந்தாவது படித்தவளுக்கு இவ்வளவு சாமர்த்தியமா என்று நான் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பேன். உன் அண்ணனுக்கோ பெருமை தாங்காது. "எங்க வசந்தா இல்லன்னா அது வெறும் டப்பாங்க" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வார்.

மாசியில் நீ போய்விட்டாய். காரியம் முடிந்து வீட்டைக் கழுவியபோது மெஷினையும் ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தேன். பொத்தான்மேல் நீ வைத்திருந்த குங்குமப் பொட்டெல்லாம் போயிற்று. ஆயுத பூஜைக்கு வைத்தது என்றுதான் நினைத்தேன்.

பங்குனிப் பௌர்ணமி வந்தது. நம் வீட்டுக் கதைதான் உனக்குத் தெரியுமே. போளூர் சொந்தம், ஆரணி சொந்தம் என்று பதினோரு பேர் கிரிவலத்துக்கு வந்து தங்கினார்கள். மலையைச் சுற்றி முடித்து, குளித்து, இட்லி சாப்பிட்டு, பஸ் ஏறிவிட்டார்கள். போர்வையும் துண்டும் பின்பக்கம் ஒரு ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது.

"மெக்கானிக்கக் கூப்ட்டுடலாமா?" என்றார் உன் அண்ணன்.

"எதுக்கு? நான் ஒருத்தி இல்ல?" என்றேன்.

முதல் நாள், எட்டுப் பொத்தானையும் இடமிருந்து வலமாக வரிசையாக அமுக்கினேன். கீ கீ என்று கத்திவிட்டு நின்றது. இரண்டாம் நாள் 'ஸ்பின்' மட்டும் அமுக்கினேன். காய்ந்த போர்வையைச் சுற்றோ சுற்றென்று சுற்றித் திருப்பிக் கொடுத்தது. மூன்றாம் நாள் சோப்புத் தூளை அள்ளிப் போட்டு 'ரின்ஸ்'. அழுக்கு அப்படியே இருந்தது, நுரைதான் ஜாஸ்தி. உன் அண்ணன் பேப்பருக்குப் பின்னால் சிரித்தார். நான் விடுகிற ஆளா?

நான்காம் நாள் பக்கத்து வீட்டு சரோஜா எட்டிப் பார்த்தாள். "என்ன டீச்சர், இன்னுமா ஓடல? எங்க வீட்லயும் இதே மெஷின்தானே! பவர அமுக்குங்க. அப்புறம் ஸ்டார்ட். அவ்ளோதான், மத்தத அதுவே பாத்துக்கும். வசந்தாதான் எனக்குச் சொல்லிக் குடுத்துச்சு. ஒரு நிமிஷம்கூட ஆவல. இங்கிலீஷ் தெரியாதுன்னு அந்த ரெண்டு மேலயும் அடையாளத்துக்குக் குங்குமம் வச்சிருந்துச்சே, பாக்கல?"

அமுக்கினேன். ஓடியது.

"எனக்கு ஏன் சொல்லல அவ?" என்று கேட்டேன்.

சரோஜா தயங்கினாள். "தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். 'அண்ணிகிட்ட சொல்லிடாதீங்க. இதுவும் சுலபம்னு தெரிஞ்சுபோச்சுன்னா, அப்புறம் இந்த வீட்ல எனக்கு என்ன வேல இருக்கு?'ன்னு சொல்லுச்சு."

அடிப்பாவி, ஆறு வருஷமா! முதலில் கோபம்தான் வந்தது. பிறகு அந்த 'என்ன வேல' யார் வாயிலிருந்து வந்தது என்று உறைத்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்து, மெஷின் ஓடி முடிகிறவரை அழுதேன். நான் விளையாட்டாகச் சொன்ன ஒரு பேச்சை ஆறு வருஷம் சுமந்தாயா வசந்தா? ஒரு தடவையாவது என்னோடு சண்டைக்கு வந்திருக்கக் கூடாதா? துணி துவைக்கவா உன்னை வைத்துக்கொண்டோம்? இல்லை என்று எனக்குத் தெரியும். நான் வாய் திறந்து சொல்லாமல் உனக்கு எப்படித் தெரியும்?

இன்னொரு செய்தி. செங்கத்தில் இருக்கிற என் தங்கை கலா நேற்று போன் பண்ணினாள். அவள் வீட்டுக்காரர் தவறியது உனக்குத் தெரியும். சித்திரையில் இங்கேயே வந்துவிடப்போகிறாள்.

"நான் சும்மா உக்காந்து சாப்பிட மாட்டேன்க்கா. சமையல், துணி எல்லாத்தயும் நானே பாத்துக்கறேன்" என்றாள்.

"நீ ஒண்ணும் பாத்துக்க வேணாம். இது உன் வீடு. வந்து சும்மா உக்காரு" என்றேன்.

போனை வைத்த பிறகுதான் யோசித்தேன். என் கூடப்பிறந்தவளுக்கு யோசிக்காமல் வந்த வார்த்தை, அவர் கூடப்பிறந்த உனக்கு இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் என் வாயில் வரவில்லையே. இதற்கு நான் எந்தச் சாக்கும் சொல்லப்போவதில்லை. தப்பு என்னுடையது.

இனி யார் உன் படத்தைக் காட்டிக் கேட்டாலும், "இவர் தங்கச்சி, ஒத்தாசைக்கு இருந்தா" என்று பழையபடி சொல்ல மாட்டேன். "இது அவ வீடு" என்று சொல்வேன். பௌர்ணமிக்கு வருகிற பதினோரு பேர் முன்னாலும் சத்தமாகச் சொல்வேன், இது சத்தியம். உன் அண்ணி குரலைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே, தெருமுனை வரைக்கும் கேட்கும்.

துணியெல்லாம் காய்ந்துவிட்டது, நானே மடித்துக்கொள்கிறேன். நீ சும்மா உட்கார், வசந்தா.

கேலி பேசத் தெரிந்து, சொல்ல வேண்டியதைச் சொல்லத் தெரியாமல் போன
உன் அண்ணி,
விஜயா