விரதத்தில் நிறுத்திய மருந்து

ஜெராம்
2 மார்ச் 2025

அன்புள்ள ரமணி,

போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது, அதனால் எழுதுகிறேன். ராவாங்கில் வேலை எப்படி? நீ போனதிலிருந்து வீடு வீடாகவே இல்லை.

குடல்வால் ஆபரேஷன் செய்த இடத்தில் மறுபடி சீழ். சீழோடு அதே மஞ்சள் குருணையும் வருகிறது. கேன்சர் என்று பயமுறுத்தி, அப்புறம் சதையைச் சோதித்து, அபூர்வமான கிருமி, ஒரு வருஷம் மருந்து தின்றால் போய்விடும் என்றார்களே, அதுதான். மருந்துக்கு அடங்கவில்லை, குடலில் கொஞ்சம் வெட்டணும் என்கிறார் டாக்டர். மாசக் கடைசியில் ஆபரேஷன்.

உன்னிடம் மட்டும் சொல்கிறேன். கேன்சர் இல்லை என்றால் காவடி எடுப்பதாக வேண்டியிருந்தேன். தைப்பூச விரதத்தில் கேப்சூலை நிறுத்திவிட்டேன். மருந்துக் கவுண்டரில் ஒரு மலாய்க்கார அம்மா அந்தக் கேப்சூல் கூடு எதில் செய்தது என்று கேட்டாள். ‘ஹலால்தான், மாட்டு ஜெலட்டின்’ என்றாள் மருந்து கொடுக்கிற பெண். அதைத் தின்றுவிட்டு எப்படிக் காவடி தூக்குவது? பூசம் முடிந்தும் உடம்பு நன்றாக இருந்தது, அப்படியே விட்டுவிட்டேன். டாக்டரிடம் சொல்ல வெட்கம். நீயும் சொல்லாதே. வெட்டினால் வெட்டட்டும். நீ பக்கத்தில் இருந்தால் போதும். வருவாயா?

உன்
புவனேசன்


ராவாங்
8 மார்ச் 2025

என்னங்க,

படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன். குடலை வெட்டக் கொடுப்பீர்கள், வாயைத் திறக்க மாட்டீர்கள்! என்னிடமும் இப்படித்தானே இருந்தீர்கள். உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நான் சொல்வேன். ஆபரேஷன் சமயத்தில் வருகிறேன்.

ரமணி


ஜெராம்
19 மார்ச் 2025

ரமணி,

லீவு போட்டு ஆஸ்பத்திரிக்கே போய்ச் சொல்லியிருக்கிறாய். நர்ஸுகள் எல்லாம் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். மானத்தை வாங்கிவிட்டாய். நீ வரவே வேண்டாம்.

புவனேசன்


ராவாங்
24 மார்ச் 2025

என்னங்க,

ஆமாம், நான்தான் சொன்னேன். டாக்டர் திட்டவில்லை, பெருமூச்சுதான் விட்டார். அதே மருந்து கூடு இல்லாத மாத்திரையாகவும் இருக்கிறதாம். கேட்டிருந்தால் அன்றைக்கே மாற்றிக் கொடுத்திருப்பார்களாம். ஆபரேஷன் இப்போதைக்கு வேண்டாம், முதலில் ஊசி, பிறகு மாத்திரை என்றார். கோபப்பட்டுக்கொள்ளுங்கள் லா, குடல் முழுசாக இருக்கிறது.

எனக்குத்தான் அலுத்துவிட்டது. நீங்கள் முழுங்கி வைப்பதையெல்லாம் ஊரில் நான் சொல்லித் திரிந்தே இத்தனை வருஷம் போய்விட்டது. வருவதற்குத் துணி எல்லாம் எடுத்து வைத்திருந்தேன். உங்கள் கடிதம் வந்ததும் திரும்ப அலமாரியில் அடுக்கிவிட்டேன்.

மாத்திரையைப் பார்த்துக் கொடுக்கச் சொல்லி உங்கள் அக்கா தனேஸ்வரி அண்ணியிடம் பேசிவிட்டேன். வருஷம் முடியும்வரை நிறுத்தாதீர்கள். சீழ் வந்தாலோ காய்ச்சல் அடித்தாலோ டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள். எனக்கு எழுத வேண்டாம்.

ரமணி